குண்டு வெடித்தபோது அவர்கள் அங்கே இல்லை

வாசலைக் கூட்டுமுன் தண்ணீர் தெளிக்கிறோம். கோலத்துக்காக மட்டுமல்ல, புழுதி கிளம்பாமல் இருக்கவும்தான். தரையில் படிந்து கிடக்கும் வரை தூசியால் பெரிய தொந்தரவு இல்லை. விளக்குமாறு பட்டதும்தான் அது எழுந்து மூக்கில் ஏறுகிறது. பரணை ஒழித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அன்று ராத்திரி முழுக்க இருமல்தான் என்று.

1977 முதல் 1980 வரை, பசிபிக் பெருங்கடலின் நடுவே எனிவெடாக் என்ற பவளத்தீவுக் கூட்டத்துக்கு அமெரிக்கா தன் ராணுவத்தினர் ஆயிரக்கணக்கானோரை முறை வைத்து அனுப்பி, அங்கே கிடந்த குப்பையையும் மண்ணையும் கூட்டி அள்ளச் சொன்னது. அந்த மண்ணில் புளூட்டோனியம், அதாவது அணுகுண்டு செய்யப் பயன்படும் கதிரியக்க உலோகம், கலந்திருந்தது. போனவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பையன்கள். ஊர் திரும்பிப் பல வருடங்கள் கழித்து அவர்களில் பலர் புற்றுநோய், எலும்புக் கோளாறு என்று மருத்துவமனை வாசலில் நின்றார்கள். அரசிடம் கேட்டால், அணுகுண்டுச் சோதனையில் பங்கெடுத்த வீரர்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள் என்ற பதில். 2022 வரை இதே கதைதான்.

ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் சட்டமும் வேண்டும். இயற்பியல் எளிது. சட்டத்தில்தான் தலை சுற்றும்.

வெடித்ததும் வெடிக்காததும்

மார்ஷல் தீவுகளில் 1946-க்கும் 1958-க்கும் இடையே அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. பிகினி என்ற பெயர்தான் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் எண்ணிக்கையில் முந்தியது எனிவெடாக், 43 சோதனைகள். உலகின் முதல் முழு அளவு ஹைட்ரஜன் குண்டுச் சோதனையும் இங்கேதான், 1952 நவம்பர் 1 அன்று நடந்தது. எலுகெலாப் என்று ஒரு தீவு இருந்தது. இப்போது அந்த இடத்தில் கடலுக்கடியில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலப் பள்ளம்தான் இருக்கிறது.

தீவுகளின் சொந்தக்காரர்கள், நூற்று நாற்பது பேர் சொச்சம், 1947 டிசம்பரிலேயே ஊஜெலாங் என்ற இன்னொரு சின்னத் தீவுக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அங்கே அவர்கள் பட்ட பசி தனிக் கதை. ஊர் திரும்ப வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். 1972-இல் அமெரிக்கா சம்மதித்தது. திரும்பி வருவதென்றால் வீட்டைச் சுத்தம் செய்தாக வேண்டுமே. துப்புரவுப் பணியின் காரணம் அதுதான்; நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

சுத்தம் செய்ய வேண்டியவற்றில் ஆகப் பெரிய தலைவலி ரூனிட் என்ற தீவு. ராணுவம் எல்லாத் தீவுகளுக்கும் ஆங்கிலப் பெயர் சூட்டி வைத்திருந்தது. வடக்கே இருந்தவற்றுக்குப் பெரும்பாலும் பெண் பெயர்கள். ரூனிட்டுக்கு ‘இவோன்’ என்று பெயர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ரூனிட்டில் நடந்தது இது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் பார்த்தால், வெடித்த பட்டாசு வெறும் காகிதமாகச் சிதறிக் கிடக்கும். நமத்துப்போன பட்டாசில்தான் மருந்து அப்படியே இருக்கும். அணுகுண்டும் அப்படித்தான். 1958 ஆகஸ்ட் 6 அன்று ரூனிட்டில் ஒரு குண்டு நமத்துப்போனது. குண்டுக்குள் புளூட்டோனியத்தை நசுக்குவதற்காக வைத்த சாதாரண வெடிமருந்து மட்டும் வெடித்தது. அணுக்கரு வெடிப்பு நடக்கவே இல்லை. எரியாமல் மிஞ்சிய புளூட்டோனியம் துண்டும் துகளும் தூளுமாகத் தீவு முழுக்கத் தெறித்தது. ஒரு வெற்றிகரமான சோதனையைவிட இந்தத் தோல்விதான் இருபது வருடம் கழித்து மண் அள்ள வந்தவர்களுக்கு மோசமான சொத்தை விட்டுப்போனது.

பேட்ஜ் மூச்சு விடுவதில்லை

கதிரியக்கம் என்றாலே ஏதோ ஒளிக்கற்றை நம் மேல் பாய்வது போலக் கற்பனை வருகிறது. காமா கதிர் ஓரளவு அப்படித்தான். சுவரையும் துளைக்கும், உடம்பையும் துளைத்துப் போகும். மூலப்பொருளிலிருந்து விலகிப் போனால் அதன் தாக்குதல் குறையும். பீட்டா அதைவிடக் குட்டை ஓட்டக்காரர்.

புளூட்டோனியம் முக்கியமாக உமிழ்வது மூன்றாவது வகையான ஆல்ஃபா துகள்களை. ஆல்ஃபா கனமானது. தலையில் மூட்டை வைத்துக்கொண்டு ஓடுபவரைப் போல, கிளம்பிய வேகத்தில் நின்றுவிடும். காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும். நடுவே ஒரு தாளைப் பிடித்தால் தாளோடு சரி. நம் தோலின் மேலே இருக்கும் செத்த அடுக்கே அதற்குப் போதுமான சுவர். அதனால் ஒரு புளூட்டோனியக் கட்டியைக் கையுறை போட்டுத் தூக்கினால் கைக்குப் பெரிய சேதம் இல்லை.

அதே புளூட்டோனியம் தூளாகி மூச்சில் போனால் விஷயம் தலைகீழ். நுரையீரலின் உள்சுவரில் செத்த தோல் கிடையாது. ஒட்டிய துகள் அங்கேயே உட்கார்ந்து சுடும். தூரம் போக முடியாத அதே ஆல்ஃபா, தன் முழுச் சக்தியையும் பக்கத்தில் இருக்கும் சில செல்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. உள்ளே போனதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து எலும்பிலும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. எலும்பில் புகுந்துவிட்டால் அதில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆகும். அதாவது, இருபது வயதில் சுவாசித்தது எழுபது வயதிலும் கூடவே இருக்கும்.

இப்போது அளவிடும் கருவிக்கு வருவோம். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் டெக்னீஷியனின் சட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் மாட்டியிருப்பார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரே வெளியிலிருந்து வருவது; அதனால் அந்த பேட்ஜ் சொல்வது நியாயமான கணக்கு. எனிவெடாக்கிலும் வீரர்களுக்குப் படச்சுருள் வைத்த பேட்ஜ்களைக் கொடுத்தார்கள். அது காமாவையும் பீட்டாவையும் பதிவு செய்யும். ஆல்ஃபா அதன் உறையைத் தாண்டியே உள்ளே வராது. அப்படியே வந்தாலும் என்ன பிரயோஜனம்? தூசி போனது மூக்கு வழியாக. பேட்ஜ் இருந்தது நெஞ்சில். பேட்ஜ் மூச்சு விடுவதில்லை.

போதாததற்கு அந்த ஊர் வெயிலிலும் ஈரக் காற்றிலும் நிறைய பேட்ஜ்கள் கெட்டுப்போயின. அது ராணுவத்தின் ஆவணங்களிலேயே இருக்கிறது.

உள்ளே போனதைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. சிறுநீரைப் பரிசோதிக்கலாம். வேலை நடக்கும் இடத்தில் காற்றை இழுத்து வடிகட்டியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். எனிவெடாக்கில் காற்று மாதிரி எடுக்கும் கருவிகள் இருந்தன. அந்த அளவுகளை வைத்துத்தான் ராணுவம், வீரர்களுக்குச் சேர்ந்த கதிர் அனுமதித்த வரம்பைவிட மிகக் குறைவு என்று அன்றும் சொன்னது, பிறகும் சொன்னது. கருவி நின்ற இடமும், புல்டோசரின் பின்னால் மண் மேகத்துக்குள் ஓர் ஆள் நின்ற இடமும் ஒன்றா என்பதுதான் வீரர்களின் கேள்வி.

ரூனிட்டில் மண் அள்ளியது

பவளத்தீவின் மண் நம்மூர் செம்மண் மாதிரி இருக்காது. பவளமும் சிப்பியும் அரைந்த வெள்ளைத் தூள். வெயிலில் கண் கூசும். காய்ந்தால் மாவு போலப் பறக்கும்.

இந்த வேலைக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது 2 கோடி டாலர். ராணுவம் கேட்டதைவிட அது குறைவு. ஆளையும் இயந்திரத்தையும் ராணுவமே தன் கையிருப்பிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தால் கதிரியக்க வேலைக்குப் பழகிய ஆட்களுக்குத் தனிச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். ராணுவ வீரனுக்கு ஏற்கெனவே சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது அல்லவா? மலிவாக முடிந்தது. என்னைக் கேட்டால், பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் விதை இந்த ஒதுக்கீட்டில்தான் விழுந்தது.

வீரர்கள் பொதுவாக ஆறு மாத முறையில் வந்தார்கள். வடக்குப் பகுதியில் வேலை செய்தவர்களுக்கு லோஜ்வா என்ற தீவில் முகாம். பழைய கட்டடங்களை இடிப்பது, துருப்பிடித்த இரும்பை வெட்டுவது, மேல்மண்ணைச் சுரண்டுவது, படகில் ஏற்றுவது, ரூனிட்டில் கொட்டுவது. திட்ட அறிக்கையில் பாதுகாப்பு உடை, முகக்கவசம் எல்லாம் எந்த இடத்துக்கு எது என்று படிப்படியாக எழுதியிருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பின்னாளில் சொன்னது அரைக்கால் சட்டை, தொப்பி, பூட்ஸ். அந்த வெயிலில் முழு உடையும் முகமூடியும் போட்டு மண் அள்ளுவது எவ்வளவு நேரம் நடக்கும் என்பதை ஊகிக்க நிபுணர் தேவையில்லை. படம் பிடிக்க ஆள் வந்த நாளில் தனக்குப் புது மஞ்சள் உடை தந்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை என்று ஒரு முன்னாள் வீரர் பத்திரிகையாளரிடம் சொல்லியிருக்கிறார்.

அள்ளிய மண்ணை என்ன செய்தார்கள்? ரூனிட்டின் வடமுனையில் 1958 மே மாதம் ‘கேக்டஸ்’ என்ற குண்டு தோண்டிய பள்ளம் தயாராக இருந்தது. ஒரு குண்டு விட்ட குழியை மற்ற குண்டுகளின் கழிவுக்குத் தொட்டியாக்கினார்கள். மண்ணை சிமெண்டோடு குழைத்து முதலில் நீருக்கடியில் குழாய் வழியே இறக்கி, பிறகு மேலே மேடாகக் குவித்து, அதன்மேல் 358 கான்கிரீட் பலகைகளைப் பதித்து மூடினார்கள். ஏறத்தாழ 115 மீட்டர் விட்டம், 46 சென்டிமீட்டர் கனம். உள்ளே 70,000 கன மீட்டருக்கும் மேல் மண்ணும் குப்பையும். மேலிருந்து பார்த்தால் கடலோரத்தில் கவிழ்த்து வைத்த இட்லித் தட்டு போல இருக்கிறது. தீவுக்காரர்கள் அதைக் கல்லறை என்கிறார்கள்.

அடியில் கான்கிரீட் போடவில்லை. பவளப்பாறை ஓட்டை ஓட்டையாக இருக்கும். கடல் ஏறி இறங்கும்போது உள்ளேயும் தண்ணீர் ஏறி இறங்குகிறது. மேல் பலகைகளில் விரிசல் விழுந்திருக்கிறது. இது உடைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் பதில் விசித்திரமானது: குவிமாடத்துக்குள் இருப்பதைவிட வெளியே காயலின் அடிமண்ணில் கிடக்கும் புளூட்டோனியம் பல மடங்கு அதிகம், ஆகவே உடைந்தாலும் பெரிதாக மாறிவிடாது. ஆறுதல் சொல்கிறார்களா பயமுறுத்துகிறார்களா என்று தெரியாத பதில்.

துப்புரவு நடந்த காலத்திலேயே ஆறு வீரர்கள் இறந்தார்கள். அவை வேறு விபத்துகள்.

மூன்று தாள்கள்

இப்போது சட்டம். ராணுவ வேலையால் உடம்பு கெட்டது, இழப்பீடு வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு முன்னாள் வீரர் கேட்டால், சாதாரணமாக மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். ஒன்று, அங்கே பணி செய்தேன் என்பதற்கான தாள். இரண்டு, இன்ன நோய் இருக்கிறது என்ற மருத்துவரின் தாள். மூன்று, அதனால்தான் இது வந்தது என்பதற்கான தாள்.

முதல் இரண்டும் கிடைத்துவிடும். மூன்றாவது? புற்றுநோய்க் கட்டியில் யார் பெயரும் எழுதியிருக்காது. அமெரிக்கர்களில் பத்தில் நான்கு பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வருகிறது, எந்தத் தீவுக்கும் போகாமலேயே. எனிவெடாக் போன ஒருவருக்கு வந்த நுரையீரல் புற்றுநோய் புளூட்டோனியத்தாலா, புகையிலையாலா, வெறும் விதியாலா? தனி ஆளை வைத்து எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே அரசு கதிர்க் கணக்கைக் கேட்கும்: உங்களுக்கு எவ்வளவு கதிர் பட்டது, அந்த அளவுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு. அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? ராணுவத்தின் பெட்டியில், மூச்சு விடாத அந்த பேட்ஜின் பக்கத்தில். சுழியம் அல்லது சுழியத்துக்குப் பக்கத்தில் ஓர் எண். விண்ணப்பம் தள்ளுபடி.

இந்த மாதிரி முடிச்சை அவிழ்க்கச் சட்டத்தில் ஒரு பழைய உத்தி உண்டு: அனுமானம். நம்மூரிலும் இருக்கிறது. ஒருவரைப் பற்றி ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். உடலைக் காட்டு என்று கேட்பதில்லை. காட்டவே முடியாத சான்றைக் கேட்டு ஒருவரை அலைக்கழிப்பதற்குப் பதில், இன்னது இருந்தால் இன்னது என்று எடுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது.

1988-இல் அமெரிக்கா அணு வீரர்களுக்கு இதைச் செய்தது. வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் களத்தில் இருந்தீர்களா, அல்லது போர் முடிந்த சமயத்தில் ஹிரோஷிமாவிலோ நாகசாகியிலோ பணியில் இருந்தீர்களா. பட்டியலில் உள்ள புற்றுநோய் இருக்கிறதா. அப்படியானால் மூன்றாவது தாள் வேண்டாம். கதிர்க் கணக்கும் வேண்டாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் சோதனைகளில் பங்கெடுத்தவர்கள். அவர்களுக்கு இது பெரிய கதவு.

அந்தச் சட்டத்துக்குத் துப்புரவு என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. 1946-இல் பிகினியில் நீருக்கடியில் குண்டு வெடித்தபோது, கதிரியக்க நீர் இலக்குக் கப்பல்களின் மேல் மழையாகப் பெய்தது. மாலுமிகளை அனுப்பி சோப்பும் காரமும் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். போகவில்லை. இரண்டு வாரம் தேய்த்துப் பார்த்து ஆகஸ்ட் 10 அன்று கைவிட்டார்கள். அதனால் சோதனை முடிந்த பிறகு கருவிகளைக் கழுவியவர்களையும் சட்டம் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு காலவரம்போடு: சோதனைத் தொடர் முடிந்து ஆறு மாதத்துக்குள் கழுவியிருக்க வேண்டும்.

எனிவெடாக்கின் கடைசிச் சோதனைத் தொடர் முடிந்தது 1958-இல். ஆறு மாதம் என்றால் 1959-இன் நடுப்பகுதியை எட்டாது. 1978-இல் மண் அள்ளியவர் அந்தக் கோட்டுக்கு வெளியே இருபது வருடம் தள்ளி நிற்கிறார். அவர் அள்ளிய புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய ஏறத்தாழ 24,000 வருடம் வேண்டும். அதன் பார்வையில் அந்த இருபது வருடம் ஒரு கொட்டாவி. குண்டு வெடித்தபோது இருந்தவரையும் பிறகு கூட்டியவரையும் சட்டம் தேதியை வைத்துப் பிரித்தது. நுரையீரலுக்குத் தேதி தெரியாது.

இது எனிவெடாக்கோடு நிற்கவில்லை. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினில் பலோமாரஸ் என்ற கிராமத்தின் மேல் அமெரிக்க பி-52 விமானம் நடுவானில் எரிபொருள் விமானத்தோடு மோதியது. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. இரண்டில் சாதாரண வெடிமருந்து வெடித்து, ரூனிட் போலவே புளூட்டோனியம் தக்காளித் தோட்டங்களில் பரவியது. ஏறத்தாழ 1,600 விமானப்படையினர் வந்து செடியை வெட்டி, மண்ணைப் பீப்பாய்களில் அடைத்தார்கள். ஸ்பெயின் அமைச்சர் மானுவேல் ஃபிராகா பயமில்லை என்று காட்டக் கடலில் இறங்கிக் குளித்துக் காட்டினார். இங்கே வீரர்களின் சிறுநீரையாவது சோதித்தார்களே என்று நினைக்கலாம். சோதித்தார்கள். பலருடைய முடிவு அதிகமாக வந்தது. மாதிரி எடுத்த இடத்திலேயே தூசி கலந்திருக்கும் என்று சொல்லி விமானப்படை அவற்றை ஒதுக்கிவிட்டு, கடைசியில் 26 பேரை மட்டும் தனியாகக் கவனித்தது. எண் குறைவாக வந்தால் பாதிப்பு இல்லை. அதிகமாக வந்தால் எண் தவறு. 1968 ஜனவரியில் கிரீன்லாந்தின் தூலி தளம் அருகே பனியின் மேல் இன்னொரு பி-52 நான்கு குண்டுகளோடு விழுந்தது. அங்கே டேனிஷ் தொழிலாளர்களும் சேர்ந்து பனியைச் சுரண்டினார்கள்.

கோடு நகர்ந்தது

வீரர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, பெயர்ப் பட்டியல் போட்டு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டினார்கள். 2015-இல் ஹவாயைச் சேர்ந்த மார்க் டகாய் என்ற உறுப்பினர் எனிவெடாக் துப்புரவு வீரர்களையும் பட்டியலில் சேர்க்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவரே அடுத்த வருடம் புற்றுநோயில் இறந்தார். மசோதா அவர் பெயரோடு மறுபடி மறுபடி வந்து, கடைசியில் ‘பேக்ட்’ சட்டம் என்ற பெரிய சட்டத்துக்குள் ஒரு பகுதியாக நுழைந்தது. 2022 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார்.

இப்போது 1977 ஜனவரி 1 முதல் 1980 டிசம்பர் 31 வரை எனிவெடாக் துப்புரவில் இருந்தவர்கள், பலோமாரஸ், தூலி துப்புரவுகளில் இருந்தவர்கள் எல்லோரும் அனுமானத்துக்குள் வருகிறார்கள். பட்டியலில் ஏறத்தாழ இருபது வகைப் புற்றுநோய்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் உடல்நலக் குறைகளும், புற்றுநோய் அல்லாத பல கோளாறுகளும் அந்தப் பட்டியலில் இல்லை. 1978-இல் இருபது வயதில் ரூனிட்டில் இறங்கியவருக்குக் கையெழுத்தான அன்று அறுபத்து நான்கு வயது.

தீவுக்காரர்கள் 1980-இல் தெற்குத் தீவுகளுக்குத் திரும்பினார்கள். வடக்கே எஞ்செபி தீவில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அதிகம் என்பதால், அந்தத் தீவின் குடும்பங்களும் தெற்கிலேயே தங்க வேண்டியதாயிற்று. ரூனிட்டில் யாரும் குடியிருக்க அனுமதி இல்லை. அவர்களுக்கு ஒரு நடுவர் மன்றம் பெரிய இழப்பீட்டைத் தீர்ப்பாகக் கொடுத்தது. கொடுக்க அந்த மன்றத்தின் நிதியில் போதிய பணம் இல்லை.

முன்பு தள்ளுபடியான வீரர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம். வீரர் இறந்துவிட்டிருந்தால் அவருடைய மனைவியோ கணவரோ கேட்கலாம். எனிவெடாக்கில் இருந்ததைக் காட்டும் பணி ஆணை அல்லது பயண உத்தரவு, மருத்துவரின் அறிக்கை. இரண்டு தாள் போதும். மூன்றாவதை இனி யாரும் கேட்பதில்லை.